வானத்து ஊர்கள் – 12: எந்த வீட்டோடு ஊர் முடிகிறது?

மருதமுனையில் பஸ் ஏறி யன்னலோரம் இருந்து தெற்கே போய்ப் பாருங்கள். பாண்டிருப்பு எந்த வீட்டோடு முடிந்தது, கல்முனை எந்த வீட்டோடு தொடங்கியது என்று வீடுகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கல்முனைக்குடி சாய்ந்தமருதாகிறது, சாய்ந்தமருது மாளிகைக்காடாகிறது, அது காரைதீவாகிறது. மதிலோடு மதில் ஒட்டிக்கிடக்கிறது. பெயர்ப்பலகை சொன்னால்தான் அடுத்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்தரை. சனமெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டில்தான் குடியிருக்கிறது. விமானத்திலிருந்து இரவில் பார்ப்பவருக்கு இந்தக் கரை விளக்குகள் கோத்த நூலாகத்தான் தெரியும்.

எல்லை என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் எவ்வளவு கனம் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வானியலாளர்களுக்கும் அந்தச் சொல் கனமானதுதான். விண்மீன் மண்டலங்கள் வெளியெங்கும் சமமாகத் தூவப்பட்டிருக்கின்றனவா, ஊர் ஊராகக் குடியிருக்கின்றனவா? ஊர்களாக இருந்தால், எந்த வீட்டோடு ஊர் முடிகிறது? தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் அந்தத் தேடல்தான் இந்த அத்தியாயம்.

964ஆம் ஆண்டில் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி தம் நூலில் ‘சிறு மேகம்’ என்று குறித்துவைத்த மங்கலான திட்டை, ஆயிரம் ஆண்டுகள் கழித்து எட்வின் ஹபிள் தனியொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அன்ட்ரோமீடா நமக்கு 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் அளவுகளுக்கு அது அடுத்த வளவு.

1930இல் ஹார்வர்டின் ஹார்லோ ஷாப்லி, தென்னரைக்கோளத்து வானத்தைப் பதிந்த கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சென்டோரஸ் உடுத்தொகுதியின் ஒரு மூலையில் விண்மீன் மண்டலங்கள் மொய்த்துக் கிடப்பதைக் கண்டு ‘மேகம்’ என்று எழுதிவைத்தார். 1937இல், புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டொம்போ பெர்சியஸ் பக்கம் இன்னொரு மேகத்தைக் கண்டார். 1958இல் ஜோர்ஜ் ஏபல், பாலோமார் தொலைகாட்டியின் தகடுகளை உருப்பெருக்கி வைத்து ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே அலசி, 2,712 விண்மீன் மண்டலக் கொத்துகளின் பட்டியலை வெளியிட்டார். கொத்துகளும் தங்களுக்குள் கூடிப் பெருங்கொத்துகளாக இருக்கின்றன என்பது அவருடைய கருத்து. வானத்துக் கொத்துகளை அவரளவு அறிந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி அதை அடியோடு மறுத்தார். நம் பால்வீதியே ஒரு பெரிய கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது என்று 1953இல் சொன்ன ஜெரார் த வோக்குலரின் பேச்சையும் அன்று பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஷாப்லியின் மேகம் இருக்கும் திசையை நம் கடற்கரையிலிருந்தே காட்டிவிடலாம். மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில், இஷா முடிந்து கடற்கரை மணலில் காற்று வாங்க இருக்கும் நேரம், நிமிர்ந்து பாருங்கள். உச்சிக்குச் சற்றே தெற்கே வெள்ளையாகத் தனித்து மின்னுவது சித்திரை நட்சத்திரம். கையை நீட்டி முட்டி பிடித்து, சித்திரையிலிருந்து தெற்குப் பக்கமாக இரண்டு முட்டி இறங்குங்கள். அங்கேதான் ஷாப்லியின் மேகம். உச்சியிலிருந்து வடக்கே அதேபோல் இரண்டு முட்டி இறங்கினால் கோமா கொத்து. அதைப் பற்றிப் பின்னால் வரும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் திசை தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஏபலும் ஸ்விக்கியும் ஒரே வானத்தைப் பார்த்து எதிரெதிராகப் பேசியதற்குக் காரணம், இருவர் கையிலும் இருந்தது தட்டையான படம். ஒரு நாள் இரவு கடற்கரையில் என்னோடு இருந்த கடல்தொழில் செய்யும் காக்கா ஒருவரிடம், ஒட்டினாற்போல் தெரிந்த இரண்டு படகு விளக்குகளைக் காட்டிக் கேட்டேன். “ரெண்டும் ஒண்டாப் போன ஆக்களா காக்கா?” அவர் சிரித்தார். “இல்ல தம்பி. ஒண்டு இஞ்ச கிட்டக் கிடக்கு. மத்தது நல்லா அங்கால, ஆழத்தில.” அவருக்கு விளக்கின் ஆட்டமும் தொழில் நடக்கும் இடமும் தெரியும். எனக்குத் தெரிந்தது இரண்டு புள்ளிகள் மட்டும். கண்ணாடித் தகட்டைப் பார்த்த வானியலாளரும் என் நிலையில்தான் இருந்தார். பக்கத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு விண்மீன் மண்டலங்களில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு தொலைவில் இருக்கலாம்.

ஆழத்தைச் சொல்வது செம்பெயர்ச்சி. ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கல்சியம், ஐதரசன் முதலிய மூலகங்களின் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கமாக நகர்ந்திருக்கும். வெளி விரிந்துகொண்டே போவதால், தொலைவில் உள்ளது கூடுதலாக நகர்ந்திருக்கும். நகர்வை அளந்தால் தூரம் கிடைக்கும். கோமா கொத்து ஏறக்குறைய செக்கனுக்கு 7,000 கிலோமீற்றர் வேகத்தில் விலகுவதாக அதன் கோடுகள் சொல்கின்றன. அதிலிருந்து வரும் தூரம் 30 கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேல். மங்கலான ஒளியில் இருந்து ஒரு நல்ல நிறமாலை எடுக்க அன்றைய கருவிகளுக்கு நெடுநேரம் பிடித்தது. ஒரு இரவில் சில மண்டலங்கள்தான். அதனால் மூன்றாவது பரிமாணம் மிக மெதுவாகவே திறந்தது.

1977 செப்டெம்பரில் எசுத்தோனியாவின் தாலின் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. அந்த மண்ணின் ஆய்வாளர்களான மிஹ்கெல் யொவேரும் யான் ஐனாஸ்டோவும் தங்கள் வரைபடத்தை அங்கே வைத்தார்கள். விண்மீன் மண்டலங்கள் தேன்கூட்டின் அறைச்சுவர்கள் போல இருக்கின்றன, அறைகளின் உள் வெறுமை என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஸ்டீவன் கிரெகரியும் லேர்ட் தொம்ப்சனும் கோமா கொத்தையும் அதன் அயல் கொத்தையும் ஒரு பாலம் இணைப்பதைக் காட்டினார்கள். 1981இல் ரொபேர்ட் கேர்ஷ்னரும் கூட்டாளிகளும் பூட்டீஸ் உடுத்தொகுதித் திசையில், குறுக்களவு ஏறக்குறைய 30 கோடி ஒளியாண்டு வரும் ஒரு பாழ்வெளியைக் கண்டார்கள். அத்தனை பெரிய இடத்தில் ஊரே இல்லை. இவை எல்லாம் இருந்தும் துறையில் பலர் நம்பவில்லை. அளந்தது கொஞ்சம், அளக்காதது கோடி என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது.

அந்தச் சந்தேகத்தை உடைத்த படம் 1986இல் வந்தது. அதன் கதை எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த கதை.

ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் மையத்தில் மார்கரெட் கெல்லரும் ஜோன் ஹக்ராவும் ஒரு முடிவெடுத்தார்கள். வானம் முழுவதையும் அளக்க ஆயுள் போதாது. ஆகவே 6 பாகை அகலமும் 117 பாகை நீளமும் உள்ள ஒரு கீலத்தை மட்டும் எடுத்து, அதற்குள் குறித்த பிரகாசத்துக்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அளப்பது. மீன் துண்டு போட்டாற்போல வானத்தில் ஒரு துண்டு. அரிசோனாவின் ஹொப்கின்ஸ் மலையில் இருந்த தொலைகாட்டியின் ஆடி 1.5 மீற்றர்தான், அன்றைக்கே அது சிறியதாகக் கருதப்பட்ட கருவி. அதில் இரவிரவாக ஒவ்வொரு மண்டலமாக அளந்தவர்களில் முதன்மையானவர் ஹக்ரா. பிரான்சிலிருந்து வந்திருந்த ஆய்வுமாணவி வலேரி த லப்பரோனின் வேலை, சுமார் 1,100 மண்டலங்களின் தூரங்களையும் திசைகளையும் ஒரு விசிறி வடிவ வரைபடத்தில் புள்ளியிடுவது.

விசிறியின் காம்பில் நாம். மேலே போகப் போகத் தூரம். அந்த விசிறிக்குள் சமமான தூவலை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு மனித உருவம். கைகளை விரித்து, கால்களை அகட்டி நிற்கும் குச்சி மனிதன். கைகள் இரு பக்கமும் நீண்ட சுவர்கள். அக்குளுக்குக் கீழே வெறுமை. குச்சி மனிதனின் உடல்தான் கோமா கொத்து. உண்மையில் கோமா உருண்டையானது. கொத்துக்குள் மண்டலங்கள் பெரும் வேகத்தில் அங்குமிங்கும் அலைவதால் அவற்றின் செம்பெயர்ச்சி கூடிக் குறைந்து, வரைபடத்தில் அது நம்மை நோக்கி நீண்ட விரல்போல இழுபட்டுத் தெரிகிறது. ஆழத்தைச் சொல்லும் கருவி ஆழத்தைக் கொஞ்சம் பிழையாகவும் சொல்லும் என்பதை அந்த உடலே காட்டிக்கொண்டு நிற்கிறது.

சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது எழும் சவர்க்கார நுரையைக் கத்தியால் வெட்டிய முகம் போல் இருக்கிறது என்று அவர்கள் தங்கள் கட்டுரையில் ஒப்பிட்டார்கள். பிறகு ‘அண்ட வலை’ என்ற பெயரே உலகெங்கும் பரவியது. கரைவலை இழுக்கும் ஊரில் வலை என்றால் முடிச்சும் கண்ணும் உடனே விளங்கும். அதனால் அந்தப் பெயரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வலை தட்டையானது. அலை உடைந்து மணலில் விட்டுப்போகும் நுரையைக் கையில் அள்ளிப் பார்த்தவருக்கு நுரை என்ற ஒப்புமைதான் வடிவத்தைச் சரியாகக் காட்டும்: குமிழிகளின் உள் வெறுமை, குமிழிகள் ஒட்டும் இடம் சுவர், சுவர்கள் சந்திக்கும் இடம் இழை, இழைகள் சந்திக்கும் இடம் கொத்து. 1989இல் கெல்லரும் ஹக்ராவும் பக்கத்துத் துண்டுகளையும் அளந்து சேர்த்தபோது, குச்சி மனிதனின் கைகள் நீண்டு ஒரு ‘பெருஞ்சுவர்’ ஆயின. நீளம் 50 கோடி ஒளியாண்டு, உயரம் 20 கோடி, தடிப்பு வெறும் ஒன்றரைக் கோடி.

இதே 1989இல்தான் ஷாப்லியின் மேகத்துக்கும் ஆழம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வுமாணவராக இருந்த வங்காளத்து சோமக் ராய்சௌதுரியும், தனியே ஒரு இத்தாலியக் குழுவும், அது ஏறக்குறைய 65 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள மாபெரும் பெருங்கொத்து என்று காட்டினார்கள். அதற்கு ‘ஷாப்லி பெருங்கொத்து’ என்று பெயரிட்டவர் ராய்சௌதுரி. அந்த மாணவரை மறக்க வேண்டாம். இருபத்தெட்டு ஆண்டு கழித்துத் திரும்பவும் வருவார்.

கண்ணால் பார்த்துச் சுவர் என்பது வேறு. கணினிக்கு விதி சொல்லி, எது சுவர் எது சுவரில்லை என்று பிரிக்கச் சொல்வது வேறு. 1982இல் ஹக்ராவும் கெல்லரும் பரவலாக்கிய முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைக் கல்முனைப் பேச்சில் சொன்னால் ‘கூட்டாளியின் கூட்டாளி’. விதி எளிது. ஒரு வீட்டில் தொடங்குங்கள். அங்கிருந்து ஐம்பது மீற்றருக்குள் உள்ள வீடெல்லாம் அதன் கூட்டாளி. அந்தக் கூட்டாளிகளுக்கு ஐம்பது மீற்றருக்குள் உள்ளவையும் அதே ஊர். சங்கிலி அறும்வரை போய்க்கொண்டே இருங்கள்.

ஐம்பது மீற்றரை வைத்து நடந்தால் மருதமுனையிலிருந்து எவ்வளவு தூரம் சங்கிலி அறாமல் போகும் என்று யோசியுங்கள். ஐந்து மீற்றர் என்று வைத்தால் ஒவ்வொரு வளவும் ஒரு தனி ஊர். இரண்டு கிலோமீற்றர் என்று வைத்தால் வயலையும் தாண்டி நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் ஒரே ஊராகிவிடும். வீடுகள் ஒன்றும் நகரவில்லை. இணைப்பு நீளம் என்ற ஒரு எண்தான் மாறியது. பெருங்கொத்தின் அளவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

2013இல் அதன் ஆபத்து வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ரொஜர் க்ளோஸ் தலைமையிலான குழு 73 குவேசர்களை, அதாவது மிகத் தொலைவில் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையங்களை, இப்படிச் சங்கிலியிட்டு, நீளப் பக்கம் 400 கோடி ஒளியாண்டு வரும் ஒரு அமைப்பை அறிவித்தது. அகிலத்தில் இதுவரை கண்டதிலேயே பெரியது என்று உலகமெங்கும் செய்தி. அதே ஆண்டு ஷேஷாத்ரி நடாத்தூர் என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். எந்த ஒழுங்கும் இல்லாமல் கணினி தூவிய வெறும் புள்ளிகளின் மேல் அதே முறையை, அதே இணைப்பு நீளத்தோடு ஓட்டினார். அந்த வெறும் தூவலிலும் அதே அளவு ‘அமைப்புகள்’ திரும்பத் திரும்பக் கிடைத்தன. பாயில் ஒரு பிடி அரிசியை வீசிவிட்டுக் குனிந்து பார்ப்பவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பெயர் வைக்குமுன் இன்னொரு பிடியை வீசிப் பார்க்க வேண்டும். நடாத்தூர் வீசிப் பார்த்தார். புதிதாகக் கண்டுபிடித்தவரைப் போற்றும் அளவுக்குப் பாயைச் சரிபார்த்தவரையும் போற்ற வேண்டும் என்பது என் கருத்து.

இணைப்பு நீளமே வேண்டாம் என்று வேறு வழியில் போனவர்களும் உண்டு. 2014இல் ஹவாயின் பிரென்ட் டல்லியும் கூட்டாளிகளும், எந்த மண்டலம் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்து எல்லை போட்டார்கள். கல்லோயாத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த வயலுக்குப் பாய்கிறது என்று பார்த்து வட்டை பிரிப்பதைப் போல. அப்படி வரைந்தால் நம் பால்வீதி இருக்கும் வட்டை 52 கோடி ஒளியாண்டு குறுக்களவு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லனியாக்கேயா; ஹவாய் மொழியில் ‘அளவிறந்த வானம்’.

இதற்கிடையில் அளக்கும் வேகம் தலைகீழாக மாறியிருந்தது. அவுஸ்திரேலியாவில் ஒரே தரத்தில் 400 மண்டலங்களை அளக்கும் கருவி 2002க்குள் இரண்டு இலட்சத்துக்கு மேல் தூரங்களைச் சேர்த்தது. நியூ மெக்சிக்கோவில் 2.5 மீற்றர் தொலைகாட்டியோடு 2000இல் தொடங்கிய ஸ்லோன் கணக்கெடுப்பு பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஸ்லோனின் வேலைமுறை எனக்கு மருதமுனைத் தறியை நினைவூட்டும். அன்றிரவு பார்க்கப்போகும் வானத்துண்டுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு. அதில் ஒவ்வொரு மண்டலமும் விழப்போகும் இடத்தில் ஒரு துளை, மொத்தம் 640. பகலில் ஆட்கள் இருந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு ஒளிநாரைக் கையால் சொருகினார்கள். மிக நெருங்கிய இரண்டு மண்டலங்களுக்கு இரண்டு நார் சொருக இடம் போதவில்லை. ஒன்றை விட்டுவிட வேண்டியிருந்தது. நெருக்கமான இடத்தில்தான் கூடுதலாக விடுபடும் என்பதால், கொத்துகளைத் தேடுகிறவர்கள் அந்தக் குறையை மறக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கெடுப்பில் இருந்துதான் 137 கோடி ஒளியாண்டு நீளமான ‘ஸ்லோன் பெருஞ்சுவர்’ வந்தது.

ஸ்லோன் செய்த இன்னொரு காரியம், தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அந்தக் கதவால் நுழைந்தவர்களில் ஒரு குழு புனேயில் இருந்தது.

வான நடுக்கோட்டை ஒட்டி 2.5 பாகை அகலமான ஒரு பட்டையை ஸ்லோன் திரும்பத் திரும்பப் படமெடுத்திருந்தது. அதன் பெயர் ‘பட்டை 82’. ஐயுகா என்ற புனே வானியல் மையத்தின் ஜொய்தீப் பாக்சி, அப்போது அதன் பணிப்பாளராக இருந்த சோமக் ராய்சௌதுரி, ஆய்வுமாணவர்கள் ஷிஷிர் சாங்க்யாயன், பிரதீக் தபாடே, ஜம்ஷெட்பூரின் பிரகாஷ் சர்கார், கேரளத்தின் தொடுபுழா நியூமன் கல்லூரியின் ஜோ ஜேக்கப். இந்த ஆறு பேரும் அந்தப் பட்டையில், மீன ராசித் திசையில், 400 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு சுவரைக் கண்டார்கள். 2017 ஜூலையில் அறிவித்தார்கள். வைத்த பெயர் சரஸ்வதி.

குறைந்தது 43 கொத்துகளும் குழுக்களும் அதன் உடலில் இருக்கின்றன. குறுக்களவு 65 கோடி ஒளியாண்டு. மொத்தத் திணிவு நம் சூரியனைப் போல் 200 கோடி கோடி மடங்கு. சுற்றிவர 13 கோடியிலிருந்து 55 கோடி ஒளியாண்டு வரை அகலமான வெறுமைகள். அவர்கள் இணைத்துக் காட்டியதோடு நிற்கவில்லை. எது உண்மையில் ஒன்றாகப் பிணைந்திருக்கிறது என்றும் கேட்டார்கள். நடுவே ஏறக்குறைய ஆறரைக் கோடி ஒளியாண்டு ஆரையுள்ள பகுதி, சொந்த ஈர்ப்பால் உள்ளே சரிந்துகொண்டிருக்கக் கூடும் என்று கணக்கு சொல்கிறது. அந்த நடு ஊர் ஒன்றாகவே இருக்கும். வெளியே உள்ள பகுதி, விரிவை விரட்டும் கரும்சக்தியின் காலத்தில் மெல்ல மெல்லப் பிரிந்து போகும். கெட்டியான பிடி உள்ள இடம் வரைதான் ஊர் என்று எல்லை போட்டால், வானத்து வரைபடத்தில் உள்ள பெரும்பாலான பெயர்கள் சுருங்கிவிடும். எனக்குப் பிடித்த எல்லை அதுதான். ஆனால் துறையில் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

வான நடுக்கோட்டில் இருப்பது எதுவோ அது நேர் கிழக்கில் உதிக்கும். செப்டெம்பர் கடைசியில் மஃரிபு தொழுதுவிட்டுக் கரைக்கு வந்தால், சரஸ்வதி நம் கடலுக்கு நேர் மேலே இரண்டு முட்டி உயரத்தில் இருக்கும். அதன் தரவு சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவரின் மடிக்கணினிக்கும் அதே இலவசத்தோடு இறங்கும். தொடுபுழாவும் மலையடிவாரத்து ஊர்தான். அங்கே பெரிய தொலைகாட்டி ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவராவது இன்றிரவே அந்தத் தரவுக்குள் நுழைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஷிஷிர் சாங்க்யாயன் புனேயை விட்டு எசுத்தோனியாவின் தார்த்து ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவரும் கூட்டாளிகளும் ஸ்லோன் பரப்பின் கொத்துகளைக் கூட்டாளியின் கூட்டாளி முறையைத் திருத்தி இணைத்து, 662 பெருங்கொத்துகளின் பட்டியலைத் தயாரித்தார்கள். அவற்றில் மிகத் திணிவானது 300 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சூரியனைப் போல் 260 கோடி கோடி மடங்கு, சரஸ்வதியையும் விடக் கனம். அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1977இல் தாலினில் தேன்கூட்டு வரைபடத்தோடு நின்ற யான் ஐனாஸ்டோ அதே ஆய்வகத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார். 2024 பெப்ரவரியில் அவருக்கு 95 வயது நிறைந்தபோது, அந்தப் பெருங்கொத்துக்கு ஐனாஸ்டோ என்று பெயர் வைத்ததை அவர்கள் அறிவித்தார்கள்.

(தொடரும்)